முதல் நாளே எல்லாத் தப்பும்

என் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் வழிகாட்டிக்கு ஒரு பத்தி, மருத்துவமனைக்கு ஒரு பத்தி, வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் சேர்த்து ஒரு பத்தி எழுதிவிட்டு, கணினி மையத்துப் பெண்ணுக்கு மட்டும் இரண்டு பத்தி எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த வழிகாட்டி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "யாரும்மா இது? என்னைவிட ஒரு பத்தி கூடுதலா இருக்கே?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனாலும் குரலில் கொஞ்சம் நிஜம் இருந்தது. பெரிய மனுஷர், மனம் நோகக் கூடாதே என்று அதை ஒரு வரியாகச் சுருக்கிக் கொடுத்தேன். சுருக்கியதில் எனக்குத் திருப்தி இல்லை. இங்கே பத்தியை எண்ணிப் பார்க்க யாரும் இல்லாததால் விட்டதையெல்லாம் சேர்த்து எழுதுகிறேன்.

அவளைப் பல்கலைக்கழகம் முழுக்க 'பதறாதீங்க' என்றுதான் கூப்பிடும். "பதறாதீங்ககிட்டக் கேட்டியா?" "பதறாதீங்க இன்னைக்கு லீவாம்." இப்படித்தான் பேச்சு நடக்கும். யார் எந்தப் பிரச்சினையோடு அவள் அறை வாசலில் வந்து நின்றாலும், அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை அதுதான். பேராசிரியர்கள்கூட அவளுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்வார்கள். அவளுக்கும் தெரியும். கோபித்துக்கொண்டதில்லை.

அந்த வார்த்தை உண்மையில் அவள் அம்மாவுடையது. ஒரு கல்லூரி வாசலுக்கு எதிரே அம்மா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் ஒரே அறையில் வீடு. ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கடைசி நாளில் பிள்ளைகள் பென் டிரைவைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வருவார்கள். செருகினால் ஃபைல் திறக்காது. திறந்தால் பாதிப் பக்கம் இருக்காது. எல்லாம் இருந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக மாறியிருக்கும். அம்மா பைண்டிங் மெஷினின் கைப்பிடியை விடாமல், "பதறாதீங்க, பதறாதீங்க, பாத்துக்கலாம்" என்பார். ஆனால் பார்க்கிறது மகள்தான். பள்ளிச் சீருடையோடு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, போன பக்கங்களை எங்கிருந்தாவது தேடிப் பிடித்துக் கொடுப்பாள். எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. ஒருத்தர், நல்ல வளர்ந்த ஆள், மீசையும் தாடியுமாக இருந்தவர், கடைப் படியில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுததை அவள் பார்த்திருக்கிறாள். அம்மா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தாராம். அவளுக்கு அப்போது டீயைவிட நல்லதாக ஏதாவது கொடுக்க வேண்டும்போல இருந்தது என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

மாலை வகுப்பில் கணினி படித்தாள். பல்கலைக்கழகக் கணினி மையத்தில் உதவி மேசை வேலை கிடைத்தது. அங்கே வருஷா வருஷம் புது ஆய்வு மாணவர்களை உட்கார வைத்து, கணக்கை எப்படித் திறப்பது, வீட்டிலிருந்து நூலகத்துக்குள் எப்படி நுழைவது, எந்த மென்பொருள் இலவசம், பெரிய கணினியில் இடம் கேட்பது எப்படி என்றெல்லாம் சொல்லித்தர வேண்டும். அந்த வேலையை யாரும் தொட மாட்டார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் தள்ளிவிட்டு, கடைசியில் புதிதாக வந்தவள் தலையில் கட்டினார்கள். அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. பிடித்துக்கொண்டாள்.

நான் அந்த வகுப்புக்குப் போனபோது எனக்கு நாற்பத்து நான்கு வயது. பச்சிளம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து இருந்து தலை நரைத்துவிட்டது. குறைமாதத்தில் பிறக்கிற குழந்தைகளின் மூச்சுச் சத்தத்தை வைத்தே யாருக்கு எப்போது சிக்கல் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பது என் ஆய்வு. வார்டில் நாங்கள் காதால் செய்கிற காரியம்தான். அதைக் கணினியைச் செய்ய வைக்க வேண்டும். விடுப்பு எடுத்துப் படிக்கப் போகிறேன் என்றதும் வீட்டுக்காரர், "இத்தனை வருஷமா நீ ஊசி போட்ட, எல்லாரும் அழுதாங்க. இனி உனக்குப் போடப் போறாங்க, பாத்துக்க" என்றார். பள்ளி வேன் ஓட்டுகிறவர், அவருக்கு எப்போதும் வாய் நீளம். சொன்னாரே தவிர, அன்றே போய் மகளோடு சேர்ந்து எனக்கு ஒரு மடிக்கணினி வாங்கி வந்தார்.

வகுப்பில் இருந்த மற்றவர்கள் எல்லாம் என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவர்கள், அவ்வளவுதான். கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தேன். கதவைத் திறந்துகொண்டு மெலிந்த ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் தண்ணீர் பாட்டில். என்னைப் பார்த்ததும், "அக்கா, அங்க ஏசி நேரா மூஞ்சியில அடிக்கும். இப்படி முன்னாடி வந்துடுங்க" என்றாள். நான் எழுந்து போய் முன் வரிசையில் உட்கார்ந்தேன். என்னை 'மேடம்' என்று சொல்லாமல் 'அக்கா' என்று அழைத்ததிலேயே பாதி படபடப்பு குறைந்தது.

அவள் பாடம் நடத்துகிற முறை யாரிடமும் நான் பார்த்திராதது. "இன்னைக்கு முதல் நாள். எல்லாத் தப்பும் இன்னைக்கே பண்ணிடுங்க. நான் பக்கத்துலயே இருக்கேன். அப்புறம் மூணு வருஷம் கழிச்சு, நான் இல்லாத இடத்துல பண்ணிட்டு அழாதீங்க" என்றாள். சொன்னதோடு விடவில்லை. முதலில் எல்லாரையும் பாஸ்வேர்டைத் தப்பாகப் போடச் சொன்னாள். "இன்னும் தப்பா போடுங்க. ம்ம், இன்னொரு தடவை." கணக்குப் பூட்டிக்கொண்டது. அறையில் ஒரே கூச்சல். பிறகு பூட்டை நாங்களே எப்படித் திறப்பது என்று காட்டினாள். அடுத்து எல்லாரையும் ஒரே பிரிண்டருக்கு ஒரே நேரத்தில் பக்கம் அனுப்பச் சொன்னாள். மூன்றாம் மாடியில் இருந்த அந்த பிரிண்டர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. வரிசையில் நிற்கிற வேலையை எப்படி ரத்து செய்வது என்று கற்றுக்கொண்டோம். மாடியிலிருந்து ஒரு குரல் அவள் பெயரைச் சொல்லித் திட்டியது. "வருஷா வருஷம் திட்டுவார், பாவம்" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

இந்த இடத்தில் காலையில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். எட்டு மாதமாக வார்டில் நான் பதிவு செய்த மூச்செல்லாம் வார்டுக்குச் சொந்தமான ஒரு சின்ன ரெக்கார்டரில் இருந்தது. ஆய்வு நெறிமுறைக் குழு கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. பதிவுகளை வீட்டுக் கணினியில் வைக்கக் கூடாது, பென் டிரைவில் வைக்கக் கூடாது, பல்கலைக்கழகச் சேமிப்பில் மட்டும்தான் இருக்க வேண்டும். ஏற்றியதும் ரெக்கார்டரை முழுக்க அழித்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிறத்தியார் பிள்ளைகளின் மூச்சு, விளையாட்டா? வழிகாட்டி அதற்காகவே எனக்கு முன்கூட்டிக் கணக்குத் திறந்து கொடுத்திருந்தார். அன்று காலை துறை அலுவலகத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றினேன். ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ரெக்கார்டரை அழித்தேன். வளாகத்தின் அந்தக் கோடியில் இருக்கும் மருத்துவமனைக்கு நடந்து போய் பெரிய சிஸ்டர் கையில் கொடுத்துவிட்டு, நிம்மதியாகக் கணினி மையத்துக்கு வந்தேன். சொன்னதைச் சொன்னபடி செய்த திருப்தி முகத்தில் தெரிந்திருக்கும்.

வகுப்பின் கடைசிப் பயிற்சி அழிப்பது. "இதுக்குத்தான் எல்லாரும் ரொம்ப பயப்படுவாங்க. அந்த பயம் போகணும்" என்று சொல்லி, எல்லாரையும் கட்டளை தட்டுகிற கறுப்புத் திரையைத் திறக்க வைத்தாள். முந்தின நாளே எங்கள் ஒவ்வொருவர் இடத்திலும் மூன்று ஃபைல் போட்டு வைத்திருந்தாள். ஒரு பூனைப் படம், ஒரு கணக்கு, ஒரு பாட்டு. பலகையில் ஒரு வரி எழுதினாள். அதைத் தட்டினால் இருக்கிற எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். "தட்டுங்க. கண்ண மூடிட்டுத் தட்டுங்க. ஒண்ணும் ஆகாது." எல்லாரும் தட்டினோம். திரை காலியாகிவிட்டது. ஒரு பையன், "ஐயோ, என் பூனை!" என்றான். எல்லாரும் சிரித்தோம். பிறகு இரண்டாவது வரி எழுதினாள். ஒவ்வொரு ராத்திரியும் அந்தச் சேமிப்பு தன்னைத் தானே படம் எடுத்து வைத்துக்கொள்ளுமாம். நேற்று ராத்திரி இருந்த நிலைக்கு அந்த வரி திருப்பிக் கொண்டுவரும். தட்டினோம். பூனை வந்தது, கணக்கு வந்தது, பாட்டு வந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. நானும் தட்டினேன், உள்ளங்கை சிவக்க.

"இப்போ அதே இடத்தைச் சாதாரணமா பிரவுசர்ல திறந்து பாருங்க. எல்லாம் இருக்கும்" என்றாள்.

திறந்தேன். காலையில் நான் பதிவுகளை ஏற்றிய அதே வெள்ளைப் பக்கம். பூனை இருந்தது. கணக்கு இருந்தது. பாட்டு இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அந்த வெள்ளைப் பக்கமும் இந்தக் கறுப்புத் திரையும் ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வகுப்பில் மற்ற எல்லாருடைய வீடும் காலி. என் வீட்டில் மட்டும் ஆள் இருந்தது. நேற்று ராத்திரி எடுத்த படத்தில் இன்று காலை வந்தவர்கள் எப்படி இருப்பார்கள்? அதெல்லாம் பிறகு புரிந்தது. அந்த நிமிஷத்தில் எழுந்து நின்று, "என் குழந்தைங்க எங்க?" என்று கத்தினேன்.

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாரோ ஒரு பெண் பதறிப்போய் வாசல் பக்கம் தேடினாள். பதறாதீங்க ஓடி வந்து என் திரையைப் பார்த்தாள்.

"இதுல வேற என்னக்கா இருந்தது?"

"எட்டு மாசம்! என் எட்டு மாசம் இருந்தது! குழந்தைங்களோட மூச்சு எல்லாம் இருந்தது!"

"எப்போ ஏத்துனீங்க?"

"இன்னைக்குக் காலையில."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. வார்டுக்கு வெளியே நான் எடுக்கிற குரலுக்கு டாக்டர்களே ஒதுங்கிப் போவார்கள். அந்தக் குரலில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "கண்ண மூடிட்டுத் தட்டுங்கன்னு சொன்னியே, தட்டுனேன்! ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னியே! இப்போ பதறாதீங்கன்னு மட்டும் சொல்லிப் பாரு!"

சொல்லவில்லை.  வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். குரல் நடுங்கியது. ஆனால் கடைசி வரிசைவரைக்கும் கேட்டது.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. அக்காவோட வேலை முழுசா அழிஞ்சிடுச்சு. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. நான் சொன்னதைத்தான் செஞ்சாங்க. எல்லார் இடமும் காலியா இருக்கும்னு நான் நினைச்சுட்டேன், கேக்கவே இல்ல. பயிற்சிக்குத் தனியா ஒரு ஃபோல்டர் போட்டிருக்கணும், போடல. தப்பு என்னோடது. வகுப்பு இதோட முடிஞ்சுது."

 இத்தனை வருஷ மருத்துவமனை வாழ்க்கையில் எத்தனையோ தவறுகளைப் பார்த்திருக்கிறேன். மருந்து மாறியிருக்கிறது, கட்டில் மாறியிருக்கிறது. உடனே எல்லாரும் சீட்டைத் தேடுவார்கள், ஷிஃப்டைத் தேடுவார்கள், யார் கையெழுத்து என்று தேடுவார்கள். முப்பது பேருக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, பயிற்சியாளர் பொறுப்பில் இருக்கிற ஒருத்தர், என் தப்பு என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அதை வைத்து அடிக்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

அவள் என் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். "அக்கா, யோசிச்சுச் சொல்லுங்க. எதுல பதிவு பண்ணீங்க? அதை எப்படி அழிச்சீங்க?"

"ரெக்கார்டர். அதுலயே ஒரு பட்டன் இருக்கு. அமுக்குனேன், ரெண்டு செகண்ட்ல காலி ஆயிடுச்சு."

"ரெண்டே செகண்டா?" அவள் கண்ணில் உயிர் வந்தது. "அப்படின்னா உண்மையில அழியலக்கா. இடம் காலின்னு அட்டைய மட்டும் மாத்தி வச்சிருக்கும். மேல புதுசா எதையாவது பதிவு பண்ற வரைக்கும் பழசு உள்ளயே கிடக்கும். அந்த மெஷின் இப்போ எங்க?"

"வார்டுல. மத்தியான ரவுண்டுல அதுலதான் பதிவு எடுப்பாங்க."

சுவர்க் கடிகாரத்தை இரண்டு பேரும் சேர்ந்தே பார்த்தோம். பெரிய சிஸ்டருக்கு போன் போட்டேன். வார்டுக்குள் போகும்போது போனை லாக்கரில் வைத்துவிடுவது எங்கள் வழக்கம், எனக்கே தெரியும், ஆனாலும் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. ஓடினோம். நூலகத்தைச் சுற்றி, சைக்கிள் நிறுத்துமிடத்துக்குள் புகுந்து, கேன்டீன் பின்வாசல் வழியாக. என் வயதுக்கு அது ஓட்டம்தான். மருத்துவமனை லிஃப்ட் முன்னால் ஸ்ட்ரெச்சர் நின்றது. படியேறினோம்.

வார்டு வாசலில் கதவைத் தள்ளப் போனவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். அங்கே சட்டம் வேறு. யாராக இருந்தாலும் முழங்கைவரை சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவி, மேலங்கி மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். எனக்கு எட்டு மாதம் போனாலும், எட்டு வருஷம் போனாலும், உள்ளே இருப்பது ஒன்றரைக் கிலோ குழந்தைகள். குழாயைத் திறந்தேன். அவள் பக்கத்தில் நின்று காலை மாற்றி மாற்றி வைத்தாள்.

"அக்கா, சீக்கிரம்க்கா! அங்க பதிவு பண்ணிட்டு இருப்பாங்கக்கா! போதும்க்கா கழுவுனது!"

"பதறாத" என்றேன். "நல்லா தேய். இன்னொரு கை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவளுக்கும் உறைத்தது. சிரிக்கிற நிலைமையில் இரண்டு பேரும் இல்லை.

உள்ளே பெரிய சிஸ்டர் ஒரு இன்குபேட்டர் பக்கத்தில் ரெக்கார்டரோடு நின்றுகொண்டிருந்தார். அடுத்த குழந்தைக்கு நகரப் போகிறார். நான் கையைக் காட்டித் தடுத்தேன். வார்டில் யாரும் குரலை உயர்த்த மாட்டோம். கிசுகிசுப்பாகவே சண்டை போடுவோம்.

"அதை எங்கிட்ட குடுங்க சிஸ்டர். ஆஃப் பண்ணுங்க. எதையும் அமுக்காதீங்க."

"என்னடி இது? காலியா இருக்குன்னு நீதானே குடுத்துட்டுப் போனே? இப்போதான் ஒரு குழந்தைக்கு எடுத்தேன்."

"ஒண்ணே ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். ஏன், என்ன ஆச்சு?"

பதறாதீங்க ரெக்கார்டரை வாங்கி, மெமரி கார்டை வெளியே எடுத்து, அதன் ஓரத்தில் இருந்த கடுகளவு பூட்டை நகத்தால் கீழே தள்ளினாள். இனி அதில் யாரும் எதுவும் எழுத முடியாதாம். பிறகு அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். திரும்பி நடக்கும்போது அந்தக் கையைத் திறக்கவே இல்லை.

அவள் அறை ஒரு படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. குனிந்துதான் நுழைய வேண்டும். உடைந்த கீபோர்டுகள், வயர்ச் சுருள்கள், யாரோ மறந்துபோன குடைகள். கார்டை முதலில் அப்படியே நகல் எடுத்தாள். பிறகு நகலில் தேட விட்டாள். திரையில் கோடு மெதுவாக நகர்ந்தது.   முதல் ஃபைல் எழும்பி வந்தபோது என் கையைப் பிடித்து அழுத்தினாள்.  பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின.

வந்தவற்றுக்குப் பெயர் இல்லை. பெயரெல்லாம் அழிந்துபோய், வெறும் எண்கள் மட்டும் இருந்தன. ஆனால் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் குழந்தையின் குறியீட்டையும் தேதியையும் நான் என் குரலில் சொல்லியிருந்தேன். ஒவ்வொன்றாகக் கேட்டு, பெயர் வைத்து, ஃபைல் முழுசாக இருக்கிறதா என்று கடைசிவரை சரிபார்க்க வேண்டும். அது நாள் கணக்காக ஆகிற வேலை. "நீ உன் வேலையப் பாரும்மா, நான் கேட்டுக்கறேன்" என்றேன். அவள் ஹெட்ஃபோனில் ஒரு காதை எனக்குக் கொடுத்து, மறு காதை அவள் வைத்துக்கொண்டாள். நெறிமுறைக் குழுவுக்கு நடந்ததைச் சொல்லி, அவளையும் ஆய்வு உதவியாளராகச் சேர்த்துக்கொள்ள நான்தான் அனுமதி கேட்டு வாங்கினேன். விதி விதிதான்.

வார்டுப் பக்கமே வந்திராத பெண். முதல் நாள் சில குழந்தைகளின் மூச்சைக் கேட்டு ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டாள். குறைமாதக் குழந்தை மூச்சு விடுவது சுலபமான சத்தம் இல்லை. கீச்சென்று இழுக்கும். நடுவில் சட்டென்று நிற்கும். நிற்கிற அந்த இடைவெளியில் கேட்கிறவர் மூச்சும் நின்றுவிடும். "எப்படிக்கா வருஷக்கணக்கா இதைக் கேட்டீங்க?" என்றாள். பழகிவிடும் என்றேன். பழகவில்லை என்பது எனக்குத்தானே தெரியும். அடுத்த நாள் அவளே கண்ணை மூடிக்கொண்டு, "இது முந்தி கேட்ட குழந்தைதானே? அப்போ இழுத்தது, இப்போ பரவாயில்லையே" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

இதற்கிடையில் மையத்தின் தலைவர் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். வகுப்பில் சொன்னதையே அங்கேயும் சொன்னாள், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. யாரும் கூப்பிடாமலே நானும் உள்ளே போய், "சார், இந்தப் பொண்ணு மட்டும் அன்னைக்கு ஒளிச்சிருந்தா, அந்த ரெக்கார்டர்ல இந்நேரம் வார்டு முழுக்கப் பதிவாகியிருக்கும். அவ ஒத்துக்கிட்ட வேகத்துலதான் என் வேலை பொழைச்சது" என்றேன். நான் குரலைக் கொஞ்சம் உயர்த்தியும் இருக்கலாம். அவர் கதவை மூடச் சொன்னார். விஷயம் அதோடு முடிந்தது.

எல்லாம் கிடைத்தது, ஒன்றைத் தவிர. புதுப் பதிவு கார்டின் தொடக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. அங்கே இருந்தது என் முதல் குழந்தையின் பதிவு. ஆய்வு தொடங்கிய அன்று முதன்முதலாகக் கருவியை வைத்தது அந்தக் குழந்தைக்குத்தான். என் குறிப்பேட்டின் முதல் பக்கத்துக் குழந்தை. அந்த இடத்தில் இப்போது வேறொரு குழந்தை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஆய்வுக்கு அது பெரிய இழப்பு இல்லை என்று வழிகாட்டி சொன்னார். எனக்கும் தெரியும். ஆனால் பதிவுக்கு அனுமதி கொடுத்த அந்தக் குழந்தையின் அம்மாவிடம் நேரில் சொல்ல வேண்டியது என் கடமை.

"நானும் வரேன்" என்றாள் பதறாதீங்க.

"நீ எதுக்கு?"

"அழிச்சது நான்தானே. நான்தான் சொல்லணும்."

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அழிப்பது, ராத்திரிப் படம் எடுப்பது, கார்டில் பழசின் மேல் புதுசு எழுதுவது என்று ஒரு வகுப்பே தயாராக இருந்தது. "அந்த அம்மாவுக்கு இதெல்லாம் எதுக்கும்மா?" என்றேன். "காரணம் தெரியாம மன்னிக்கச் சொல்றது நியாயம் இல்லக்கா" என்றாள். நிறுத்தம் வந்தது, இறங்கினோம்.

மாடியில் ஒரு சின்ன வீடு. அம்மா தையல்காரி. அறை முழுக்க வெட்டுத் துணி, நடுவில் மெஷின். மெஷின் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை எழுந்து நிற்க முயற்சி பண்ணிக்கொண்டிருந்தது. நான் கடைசியாகப் பார்த்தபோது என் உள்ளங்கையில் அடங்கியது. இப்போது தொடையில் மடிப்பு விழுந்திருக்கிறது. எங்களைப் பார்த்ததும் கையை விட்டு, தொப்பென்று உட்கார்ந்து, கோபமாக ஒரு சத்தம் போட்டது.

"வாங்க சிஸ்டர், வாங்க. உக்காருங்க" என்று துணிகளை ஒதுக்கின அம்மா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். "என்னாச்சு சிஸ்டர்? டெஸ்ட்டுல ஏதாவது..."

"ஐயையோ, அதெல்லாம் ஒண்ணும் இல்ல. பாப்பா நல்லா இருக்கா" என்று நான் அவசரமாகச் சொன்னேன்.

பதறாதீங்க தொடங்கினாள். பேருந்தில் பாடம் பண்ணியதெல்லாம் இரண்டு வரியில் தீர்ந்துபோயிற்று. "உங்க பாப்பாவோட மூச்சுப் பதிவு... என் தப்பால அழிஞ்சுபோச்சுங்க. எவ்வளவோ தேடினேன். மத்த எல்லாம் கிடைச்சுது, பாப்பாவோடது மட்டும் கிடைக்கல. என்னை மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த அம்மா அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். "இவ்வளவுதானா? நான் என்னமோன்னு பயந்தே போயிட்டேன்" என்றார். "போனா போகட்டும்மா. அது அவ ரொம்பக் கஷ்டப்பட்டு விட்ட மூச்சு. ராத்திரி பூரா அதை எண்ணிக்கிட்டுத்தான் நான் உக்காந்திருந்தேன். எனக்கு அது வேணாம். அது போனதே நல்லது."

சொல்லிக்கொண்டே குழந்தையைத் தூக்கி, கேட்காமல் கொள்ளாமல், பதறாதீங்க தோளில் சாய்த்தார். குழந்தை அவள் அடையாள அட்டையின் கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. பிறகு கன்னத்தை அவள் காதுக்குப் பக்கத்தில் வைத்து அசையாமல் இருந்தது. இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ நாள் ஹெட்ஃபோனில் கேட்ட காது, அந்த இழுப்பு எப்போது வரும் என்று தேடியது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. கண் கலங்க என்னைப் பார்த்தாள்.

"அக்கா... சத்தமே இல்லையேக்கா?"

"அப்படித்தான்மா இருக்கணும்" என்றேன்.